பத்தியம் இல்லாத எலிகள்

இலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது வேலியோரம் பறித்து, மிக்சியில் அடித்து, வெறும் வயிற்றில் குடித்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர், "நீங்க மருந்துப் பாடம் எடுக்கிறவங்களாமே, சுகருக்கு எந்த மூலிகை நல்லது?" என்று ஆரம்பித்துவிடுவார். டாக்டர் கொடுத்த மாத்திரைதான் நல்லது என்பேன். அவர் முகம் சுருங்கிவிடும். இவளிடம் போய்க் கேட்டோமே என்று பாயசத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எனக்கும் ஒரு காலத்தில் ஒரு இலைமேல் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், வேங்கிக்கால் ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு பார்மசி கல்லூரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலைப் பக்கத்து வேலிகளில் படரும் ஒரு கொடியின் இலையை ஊர்க்காரர்கள் சர்க்கரை நோய்க்கு மென்று தின்பார்கள். அந்த இலைச்சாறு ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை நிஜமாகவே குறைக்கிறதா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. இலைமேல் நம்பிக்கை இருந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரு ஆள்மேல் ஆசையும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன் என்னோடு படித்தவன். குடியாத்தம் பக்கம். பேச்சில் வாங்க போங்கதான், கடைசிவரை அதற்குமேல் ஒரு படி இறங்கவில்லை. மனசுக்குள் மட்டும் அவன். இங்கே மனசுக்குள் இருந்தபடியே எழுதுகிறேன். இந்த வயதில் அவர் என்று எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

இலை பறிக்க இரண்டு பேரும் கோணிப்பையோடு போனோம். கிரிவலப் பாதையில் வெள்ளை உடுத்திய வெளிநாட்டு அம்மாள் ஒருவர் நின்று, நாங்கள் பறிப்பதைப் பார்த்துவிட்டுக் கண்மூடிக் கைகூப்பிவிட்டுப் போனார்.

"நம்மள சித்தர்னு நினைச்சிட்டாங்க போல," என்றான்.

"உங்களை மட்டும்தான். எனக்குத் தாடி இல்லையே," என்றேன்.

அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பை நினைத்துக்கொண்டே இலைகளை நிழலில் காயவைத்தேன், பொடித்தேன், கண்ணாடிக் குடுவையில் ஆல்கஹால் விட்டு நாள் கணக்கில் காய்ச்சி வடித்தேன். ஒரு கோணி இலை கடைசியில் ஒரு கிண்ணம் கரும்பச்சைக் குழம்பாக வற்றியது. நாற்றம் குடலைப் பிடுங்கும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

எலிகளுக்குச் சர்க்கரை நோய் தானாக வராது. ஊசி போட்டு வரவழைக்க வேண்டும். விலங்குக்கூடத்தில் வேலை பார்த்த அக்காவுக்கு இது மட்டும் கடைசிவரை செரிக்கவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து வருவார். நாற்பது வயது இருக்கும். தினக்கூலி. கூண்டு கழுவி, உமி மாற்றி, தீனி போட்டு, தண்ணீர் பாட்டில் நிரப்பி, மாலையில் பூட்டிவிட்டுப் போவார். "நோயையும் நீங்களே குடுக்கிறீங்க, மருந்தையும் நீங்களே குடுக்கிறீங்க. அதுங்க உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?" என்று ஒரு நாள் கேட்டார். நான் பெரிதாக ஏதோ விளக்கம் சொன்னேன். "படிச்சவங்க, சொன்னா சரியா இருக்கும்," என்று உமியை அள்ளிக்கொண்டு போய்விட்டார். சரியாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்திருந்தோம். கூட்டத்துக்கு ஆறு. நோயே இல்லாதவை ஒரு கூட்டம். நோய் வந்தும் மருந்து இல்லாமல் வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கப்பட்டவை ஒரு கூட்டம். மற்றவற்றில் ஒன்றுக்குக் கடை மாத்திரை, மீதிக்கு இலைச்சாறு. மருந்து குடித்தவை, குடிக்காதவற்றைவிட எவ்வளவு தேறுகின்றன என்று பார்ப்பதில்தான் முழு ஆய்வும் நிற்கிறது. எது எந்த எலி என்று தெரிய, தலையில், முதுகில், வாலில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்திருப்போம். அக்கா அவற்றைத் தலைக்காரி, முதுகுக்காரன், வாலுக்காரன் என்று கூப்பிடுவார். இருபத்தொரு நாள் தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் வாய்வழியாகக் கொடுக்க வேண்டும்.

இதை ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது என்பதுதான் என் அதிர்ஷ்டம். முனை உருண்டையான வளைந்த ஊசி ஒன்று உண்டு. ஒருவர் எலியைத் துண்டில் சுற்றித் தலை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் அந்த ஊசியைக் கடைவாய் வழியாகத் தொண்டைக்குள் நழுவவிட்டு மருந்தை இறக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் மூச்சுக்குழாயில் போய்விடும், எலி அங்கேயே செத்துவிடும். முன்னோட்டம் பார்த்த நாளில் என் கையில் ஒன்று அப்படித்தான் போயிற்று. ஊசியைப் போட்டுவிட்டு அழுதேன். அவன் அடுத்த எலியை எடுத்துச் சுற்றிப் பிடித்து, "நான் அசைய விட மாட்டேன், நீங்க ஊத்துங்க," என்றான்.

அன்றிலிருந்து அவன் பிடிப்பான், நான் ஊற்றுவேன். அவனுடைய சொந்த ஆய்வு, வீக்கத்துக்கான வேறொரு இலை, எப்போதோ முடிந்து புத்தகமாகிவிட்டது. ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். அதுவரை ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். என் எலிகளைப் பிடிக்கத்தான் இருந்தான். ஏன் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவானோ என்று பயம்.

ஒரு நாள் முதுகுக்காரன் ஒருவன் என் ஆள்காட்டி விரலைக் கடித்துப் பிடுங்கிவிட்டான். எலியைக் கூண்டில் போட்டுவிட்டு, அவன் என் கையைப் பிடித்துக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டான். ரத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யார் குழாயை மூடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் அக்கா வந்து, "தண்ணி வீணாப் போவுது பாரு," என்று மூடினார்.

வீட்டில் அப்பா வந்த ஜாதகங்களுக்கெல்லாம், "பொண்ணு படிப்பு முடியட்டும்," என்று தவணை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா, நான் எலி நாற்றத்தோடு வருகிறேன் என்று கொல்லையில் குளித்த பிறகே உள்ளே விடுவாள். மருந்து கொடுக்கும் நாட்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை நான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆய்வு சீக்கிரம் முடிய வேண்டும் என்று எல்லோரும் சாமியை வேண்டுவார்கள். நான் மலையைப் பார்த்து வேறு மாதிரி வேண்டிக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் இரவு எலிகளைப் பட்டினி போட்டு, மறுநாள் காலை ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்ட எலியின் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் கணக்குக்கு உதவாது. ஊரில் எவரும் காது குத்துவதற்குக்கூட முதலில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிட்டுத்தான் தேதி வைப்பார்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், பஸ் ஊருக்குள் வராது. விஞ்ஞானம் படித்த நாங்கள் இரண்டு பேர்தான் காலண்டர் பார்க்காமல் எலிக்கு நாள் குறித்தவர்கள். அந்த இருபத்தோராம் நாள் பௌர்ணமியில் விழுந்தது.

மாலையில் அவன் ஒவ்வொரு கூண்டின் மேலிருந்தும் தீனியை எடுத்துப் பையில் போட, நான் நோட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். அக்கா துடைப்பத்தோடு நின்று பார்த்தார்.

"இன்னைக்குமா பட்டினி போடப் போறீங்க? பௌர்ணமிம்மா."

"நாளைக்கு ரத்தம் எடுக்கணும்க்கா."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

அக்கா துடைப்பத்தை மூலையில் சாத்தினார். சாவி அவரிடம்தான் இருந்தது. கிரிவலக் கூட்டத்தில் புகுந்து நான் வீட்டுக்கும் அவன் விடுதிக்கும் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் ரத்தம் எடுத்தோம். அதன் பிறகு எலிகளை ஈதர் வைத்து மயக்கிக் கொன்று கணையத்தை எடுக்க வேண்டும். "நீங்க வெளிய இருங்க, நான் பார்த்துக்கறேன்," என்றான். நான் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். கோழை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபமில்லை.

முடிவுகள் வந்தபோது என் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வார். இலைச்சாறு குடித்த எலிகளுக்கும் மருந்தில்லாத எலிகளுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். "இதை நல்ல ஜர்னல்ல போடலாம்மா," என்றார். அவனும் சந்தோஷப்பட்டான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முடிந்துவிட்டது. காலையில் எழுந்து போக ஒரு காரணம் இல்லை. ஒரு வாரம் சும்மா விலங்குக்கூடத்துக்குப் போய்க் காலிக் கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அதை எலிகளுக்கான துக்கம் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் வந்து குந்தினார்.

"வுடும்மா. கடைசியில அதுங்க வாய்க்கு ருசியா சாப்பிட்டுத்தான் போச்சுங்க."

"என்னக்கா சாப்பிட்டுச்சு?"

"சர்க்கரைப் பொங்கல். ரோட்டுல அன்னதானம் போட்டுக்கினு இருந்தாங்க, தொன்னையில வாங்கியாந்தேன். ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போடற நாளு. அதுங்க மட்டும் பசியோட கிடந்தா நல்லாவா இருக்கும்?"

"எல்லாத்துக்கும் வெச்சீங்களா?"

"எனக்கு அது தெரியாதா? மருந்து குடிக்கிறதுங்களுக்குப் பத்தியம் இருக்கும். இனிப்பு ஆவாது. அதுங்களுக்கு வைக்கல. மருந்தே குடிக்காததுங்களுக்கு என்ன பத்தியம்? அதுங்களுக்கு மட்டும் ஒரு ஒரு உருண்டை. விடியறதுக்குள்ள வந்து கூண்டெல்லாம் துடைச்சி வெச்சிட்டேன், உங்களுக்கு வேலை ஆவக் கூடாதுன்னு."

யோசித்துப் பாருங்கள். ஒரு ஆய்வை இதைவிடச் சுத்தமாகக் கெடுக்க ஒரு பேராசிரியராலும் முடியாது. நோய் இருந்து மருந்து இல்லாத எலிகள் ராத்திரி முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் தின்றிருக்கின்றன. அவற்றின் சர்க்கரை ஏறியதைப் பார்த்துவிட்டு, இலையால் மற்றவற்றுக்கு இறங்கியது என்று நாங்கள் குதித்திருக்கிறோம். அதே சமயம், பத்தியம் என்று பார்த்து வைத்த அந்த மனசை என்னால் திட்டவும் முடியவில்லை. "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா," என்று மட்டும் சொன்னேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் போதும். பட்டம் வரும், கட்டுரை வரும், அப்பா ஜாதகத்தைக் கையில் எடுப்பார், அவன் ஐதராபாத்துக்குப் போவான். சொல்லிவிட்டால் புது எலிகள் வாங்கி மறுபடி இருபத்தொரு நாள். மறுபடி யாராவது பிடிக்க வேண்டும், நான் ஊற்ற வேண்டும். இதுவரை இருந்தவன் இன்னும் ஒரு மாதம் இருக்க மாட்டானா? கம்பெனியில் ஒரு கடிதம் போட்டால் தள்ளிவைக்க மாட்டார்களா? விடிவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன். உண்மை, விஞ்ஞானம், மனசாட்சி எதுவும் அந்த ராத்திரியில் என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் கையெழுத்து வாங்கப் பேராசிரியர் அறைக்கு வந்திருந்தான். அவன் இருக்கும்போதே சொன்னேன். அவன் கேட்க வேண்டும் என்றுதான்.

"சார், கடைசி நாள் ரீடிங் தப்பு. மருந்தில்லாத ரெண்டு கூட்டமும் அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டிருக்கு."

"யாரு போட்டா?"

அக்கா பெயரைச் சொன்னால் அன்றைக்கே அவரை நிறுத்திவிடுவார்கள். "நான்தான் சார். அந்தக் கூண்டுங்கள்ல தீனி எடுக்க மறந்துட்டேன்."

பேராசிரியர் அவன் பக்கம் திரும்பினார். "நீயும்தானே கூட இருந்தே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீனியை எடுத்தது அவன் கை. ஒவ்வொரு கூண்டும் அவன் எடுத்தது. நான் சொல்வது பொய் என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன், கண்ணை எடுக்காமல். என் ஆசை முழுவதையும் அந்தப் பார்வையில் வைத்தேன்.

"ஆமா சார்," என்றான். "மறந்துட்டோம்."

பேராசிரியர் கத்தினார். அப்புறம் ஒரு வாரம் போகிற வகுப்பிலெல்லாம் என் நேர்மையைப் பாராட்டினார். கையில் வந்த நல்ல முடிவைத் தானே தூக்கிப் போட்ட பெண் என்று ஜூனியர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னதிலும் பொய், சொன்ன காரணத்திலும் பொய். அந்தப் பாராட்டு எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

வராந்தாவில் அவன் என்னோடு நடந்து வந்தான். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பான், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

"நான்னா வாயத் தொறந்திருக்க மாட்டேங்க," என்றான். கொஞ்ச தூரம் போய், "ஒண்ணாந்தேதி நான் அங்க இருக்கணும்," என்றான்.

"ம்," என்றேன்.

மிச்சமிருந்த மூன்று நாளும் அவன் விலங்குக்கூடத்துக்கு வந்தான். வேறொருவர் ஆய்வுக்கு வைத்திருந்த எலிகளைக் கொண்டு அக்காவுக்கு எலி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். துண்டை எப்படிச் சுற்றுவது, கழுத்தை நெரிக்காமல் தலையை எப்படி நிமிர்த்துவது, கை நடுங்கினால் எலிக்குத் தெரிந்துவிடும் என்பது எல்லாம். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தன் இடத்துக்கு ஆள் வைத்துவிட்டுப் போகிறான், அவ்வளவு அக்கறையாக. என் மனசு தெரிந்துதான் போகிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது எலிகள் வந்தன. அக்காவின் கண்ணாடி வளையல் சத்தத்தில் அவை மிரண்டன. வளையலைக் கழற்ற அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மேலே துணி சுற்றிக் கட்டிக்கொண்டு பிடித்தார். பிடி அச்சு அசல் அவனுடையது. அதைப் பார்த்துக்கொண்டே தினமும் ஊற்றினேன். இந்த முறை காலண்டர் பார்த்து நாள் குறித்தேன். ஈதர் ஜாடியையும் நானே மூடினேன். இலை வேலை செய்தது, ஆனால் கொஞ்சமாக. மலையும் இல்லை, மடுவும் இல்லை. பட்டத்துக்கு அது போதும், ஜர்னலுக்குப் போதாது. புத்தகம் பைண்டு பண்ணிக் கல்லூரி நூலகத்தில் வைத்தார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் சாமிக்கும் பேராசிரியருக்கும் அப்பா அம்மாவுக்கும் அடுத்து, எலிகளைப் பிடித்துக்கொடுத்த நண்பருக்கு என்று ஒரு வரி எழுதினேன். தட்டச்சுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். கணவர் நல்லவர். இதைப் படித்தாலும், "எலியைக் கையாலயா தொட்டே?" என்றுதான் கேட்பார். அவனிடமிருந்து புது வருட வாழ்த்து இரண்டு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூட்டம் சேர்வதற்கு முன் சுற்றி முடித்துவிடலாம் என்று வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். அடி அண்ணாமலையில் ஒரு மோர்க்கடையில் துணி சுற்றாத வளையல் கை ஒன்று டம்ளரை நீட்டியது. அக்கா. கல்லூரி வேலையை விட்டுவிட்டாராம். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பிள்ளைகளை விசாரித்தார், எலிகளை விசாரித்தார்.

"அந்தத் தம்பி எப்படி இருக்குது?"

"தெரியலக்கா. பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"நீ யார்கிட்டயும் சொல்லாதன்ன. ஆனா அதுகிட்ட மட்டும் சொல்லிட்டேம்மா. எனக்கு எலி பிடிக்கச் சொல்லிக் குடுத்துச்சே, அப்ப. பொங்கல் வெச்சது நான்தான், அந்தப் பொண்ணு தன் தலையில போட்டுக்கிச்சுன்னு. மனசு கேக்கல."

டம்ளரைக் கீழே வைத்தேன். "என்ன சொன்னார்?"

"கையில இருந்த எலியக் கூண்டுல வுட்டுச்சு. அப்புறம் சொல்லுச்சு, 'உங்க வேலை போயிடக் கூடாதுன்னு அப்படிச் சொல்லியிருக்காங்கக்கா. தப்புன்னு தெரிஞ்சதும் ஒத்துக்கவும் செஞ்சாங்க. எனக்கு இந்த மனசு வராது. போறதுக்கு முன்னாடி அவங்கள ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன். இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது? அவங்க எனக்கு ஜாஸ்தி'ன்னுச்சு."

"என்ன கேக்கணும்னு இருந்தாராம்?"

"அத நான் கேக்கலியேம்மா," என்றார் அக்கா. அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றப் போய்விட்டார்.

அங்கிருந்து வேலிக்கொடி தெரிந்தது. செம்மண் புழுதி படிந்து, முன்பு இருந்த மாதிரியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மிச்சப் பாதையை நடந்து முடித்தேன். அந்தத் தூரம் முழுக்க மனசுக்குள் அவனோடு பேசிக்கொண்டுதான் நடந்தேன்.

அக்காவைக் காப்பாற்றினேன் என்பது உண்மைதான். ஆனால் நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அக்காவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. நானாக வாயைத் திறந்தேன். உன்னை இன்னும் இருபத்தொரு நாள் ஊரில் நிறுத்திவைக்கத்தான் திறந்தேன். நீ நினைத்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை. உனக்கு நான் ஜாஸ்தி இல்லை, நீ கேட்டிருக்கலாம்.